நீந்தினால் மட்டும் போதுமா? காளையின் வளத்தைக் காட்டும் புரதங்கள்

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஃபிளெக்ஃபீ என்ற மாட்டினம் பரவலாக வளர்க்கப்படுகிறது. பாலுக்கும் இறைச்சிக்கும் பெயர்பெற்ற இனம் அது. அந்த இனத்தின் பொலிகாளைகளில் ஒரு சில, ஆய்வாளர்களுக்குப் புதிராக இருந்தன. அவற்றின் விந்தை நுண்ணோக்கியில் பார்த்தால் குறை எதுவும் தெரியவில்லை. விந்தணுக்களின் எண்ணிக்கை சரியாக இருந்தது. வடிவமும் சரியாக இருந்தது. அவை துடிப்போடு நீந்தவும் செய்தன. ஆனால் அந்த விந்தைக் கொண்டு நூறு முறை பசுக்களுக்குச் சினை ஊசி போட்டால், ஏறக்குறைய இரண்டு முறைதான் சினை பிடித்தது.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த இனத்தைச் சேர்ந்த ஏறத்தாழ 8,000 பொலிகாளைகளின் மரபணுத் தகவல்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2014-ஆம் ஆண்டில் விடை வெளியானது. சினை பிடிக்காத 40 காளைகளிடமும் ஒரே மரபணுவில் ஒரே பிழை இருந்தது. அந்தப் பிழையால் டிஎம்இஎம்95 என்ற ஒரு புரதம் முழுமையாக உருவாகவில்லை. அது விந்தணுவின் மேற்பரப்பில் இருக்க வேண்டிய புரதம். பின்னர் எலிகளில் நடந்த ஆய்வுகள் அதன் வேலையை விளக்கின. இந்தப் புரதம் இல்லாத விந்தணு கருமுட்டை வரை சென்றுவிடும். ஆனால் முட்டையோடு ஒன்றிணைய முடியாது.

நன்றாக நீந்தும் விந்தணு வெற்றி பெறும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்படியானால் வெற்றி பெறக்கூடியதை எப்படி முன்கூட்டியே அறிவது? கால்நடை அறிவியலாளர்கள் பல ஆண்டுகளாக இந்தக் கேள்விக்கு விந்தில் உள்ள புரதங்களிடம் விடை தேடி வருகிறார்கள்.

ஒரு காளை, பல்லாயிரம் பசுக்கள்

ஒரு காளையின் குறையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை? இன்று பெரும்பாலான பால் பண்ணைகளில் செயற்கை முறைக் கருவூட்டலே வழக்கம். காளையிடமிருந்து ஒரு தடவை சேகரிக்கப்படும் விந்து ஏறத்தாழ 5 மில்லிலிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டி அளவு. ஆனால் அதன் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு பில்லியன் அளவுக்கு விந்தணுக்கள் இருக்கும். ஊட்டமும் பாதுகாப்பும் தரும் கரைசலைச் சேர்த்து அதை நீர்க்கச் செய்கிறார்கள். பிறகு மெல்லிய குழாய்களில் அடைத்து, மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரில் திரவ நைட்ரஜனுக்குள் வைக்கிறார்கள். இந்தக் குழாய்களுக்கு உறைவிந்துக் குச்சிகள் என்று பெயர். ஒரு குச்சியில் பொதுவாகக் கால் மில்லிலிட்டர் கரைசலும் 15 முதல் 20 மில்லியன் விந்தணுக்களும் இருக்கும். ஒரே சேகரிப்பில் சில நூறு குச்சிகள் கிடைத்துவிடும்.

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் டாய்ஸ்டோரி என்ற பெயரில் ஒரு ஹோல்ஸ்டீன் காளை இருந்தது. 2001-இல் பிறந்து 2014-இல் இறந்த அந்தக் காளையிடமிருந்து 2.4 மில்லியன் குச்சிகள் தயாரிக்கப்பட்டன. பல நாடுகளில் அதன் கன்றுகள் பிறந்தன. நல்ல காளையால் கிடைக்கும் பலன் இப்படிப் பெருகுவதுபோல, குறையுள்ள காளையால் வரும் இழப்பும் பெருகும்.

அந்த இழப்பைச் சுமப்பவர் மாடு வளர்ப்பவர். பசுவுக்குச் சினைப்பருவம் சுமார் 21 நாள்களுக்கு ஒரு முறை வரும்; அதுவும் ஒரு நாள்கூட முழுமையாக நீடிப்பதில்லை. அந்த நேரம் பார்த்துச் சினை ஊசி போட வேண்டும். பலன் இல்லையென்றால் மீண்டும் 21 நாள்கள் காத்திருக்க வேண்டும். பசு கன்று ஈன்றால்தான் பால் கறக்கும். சினைக்காலமோ ஏறத்தாழ 280 நாள்கள். ஒவ்வொரு தோல்வியும் அடுத்த கன்றையும் அடுத்த பாலையும் மூன்று வாரம் தள்ளிப் போடுகிறது. மாட்டுக்குத் தீவனமோ நாள்தோறும் போட்டே ஆக வேண்டும்.

நுண்ணோக்கி காட்டுவதும் காட்டாததும்

விந்து சேகரிக்கும் நிலையங்களில் முதலில் சில அடிப்படைச் சோதனைகளைச் செய்வார்கள். விந்தின் அளவு என்ன? ஒரு மில்லிலிட்டரில் எத்தனை விந்தணுக்கள் உள்ளன? அவற்றில் எத்தனை விழுக்காடு நேராக முன்னோக்கி நீந்துகின்றன? தலையோ வாலோ கோணியவை எத்தனை? உறைய வைத்து மீண்டும் உருக்கிய பிறகு எத்தனை பிழைத்திருக்கின்றன? இன்று கணினியோடு இணைந்த படக்கருவிகள் ஒவ்வொரு விந்தணுவின் வேகத்தையும் பாதையையும் அளந்து கொடுக்கின்றன.

இந்தச் சோதனைகள் தேவையானவை. மிக மோசமான விந்தை இவை உடனே விலக்கிவிடும். ஆனால் தேறிய காளைகளுக்குள்ளே எது சிறந்தது, எது சுமார் என்று பிரித்துக் காட்டுவதில் இவை தடுமாறுகின்றன. ஒரே மாதிரி மதிப்பெண் பெற்ற இரண்டு காளைகளில், ஒன்றின் விந்தால் பசுக்கள் எளிதில் சினை பிடிக்கலாம்; மற்றொன்றால் அடிக்கடி தவறலாம்.

இதற்குக் காரணம் விந்தணுவின் நீண்ட பயணத்தில் இருக்கிறது. அது பசுவின் உடலுக்குள் பல மணி நேரம் உயிரோடு இருக்க வேண்டும். நோய் எதிர்ப்பு அணுக்களிடமிருந்து தப்ப வேண்டும். கருக்குழாயின் சுவரில் ஒட்டிக்கொண்டு, முட்டை வரும் நேரம் பார்த்து விடுபட வேண்டும். தன் மேற்சவ்வை மாற்றிக்கொண்டு கருவுறச் செய்யும் தகுதியை அடைய வேண்டும். முட்டையின் உறையைத் துளைத்து, கடைசியில் முட்டையோடு இணைய வேண்டும். நீந்துவது இவற்றில் ஒரு பகுதி மட்டுமே. மற்ற ஒவ்வொரு கட்டத்திலும் புரதங்களுக்கு வேலை இருக்கிறது.

விந்துப் பாய்மம் என்ன செய்கிறது?

உயிரியல் பாடத்தில் ஓர் உயிரணு தனக்கு வேண்டிய புரதங்களைத் தானே செய்துகொள்ளும் என்று படித்திருப்பீர்கள். முதிர்ந்த விந்தணு இதில் ஒரு விதிவிலக்கு. அதன் தலைக்குள் டிஎன்ஏ மிக இறுக்கமாகச் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. புதிதாகப் புரதம் செய்யும் வசதி அதற்குக் கிட்டத்தட்ட இல்லை. எனவே வழியில் தேவைப்படும் புரதங்களை அது வெளியிலிருந்து பெற்றுக்கொள்ள வேண்டும்.

காளையின் விதைப்பைக்குள் உள்ள விரைகளில் ஒரு விந்தணு உருவாகச் சுமார் 61 நாள்கள் ஆகும். பிறகு எபிடிடிமிஸ் என்ற நீண்ட, சுருண்ட குழாய் வழியாக ஏறத்தாழ பத்து நாள்கள் நகர்கிறது. அங்கே அதன் மேற்பரப்பில் பல புரதங்கள் சேர்கின்றன. இறுதியாக விந்து வெளியேறும் நேரத்தில் விந்துப்பை, புரோஸ்டேட் முதலிய சுரப்பிகளின் திரவம் அதனோடு கலக்கிறது. விந்தணுவைச் சுற்றியுள்ள இந்தத் திரவம் முழுவதற்கும் விந்துப் பாய்மம் என்று பெயர்.

நீண்ட காலம் இந்தப் பாய்மத்தை விந்தணுவைச் சுமந்து செல்லும் நீராகவும், அதற்குச் சர்க்கரை ஊட்டும் உணவாகவும் மட்டுமே பார்த்தார்கள். ஆனால் இன்றைய நிறைமாலைக் கருவிகளைக் கொண்டு ஆராய்ந்தால், ஒரு காளையின் விந்துப் பாய்மத்தில் நூற்றுக்கணக்கான வகைப் புரதங்கள் அடையாளம் காணப்படுகின்றன.

நான்கு புள்ளிகள்

1993-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கேரி கில்லியனும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் 35 ஹோல்ஸ்டீன் காளைகளை எடுத்துக்கொண்டார்கள. ஒவ்வொரு காளையின் விந்தாலும் பசுக்கள் எந்த அளவுக்குச் சினை பிடித்தன என்ற கணக்கு முன்பே கையில் இருந்தது. அந்தக் காளைகளின் விந்துப் பாய்மத்தில் உள்ள புரதங்களைப் பிரித்துப் பார்த்து, அந்தக் கணக்கோடு ஒப்பிட்டார்கள்.

புரதங்களை எப்படிப் பிரிப்பது? அகர்-அகர் போன்ற ஒரு கூழ்ப் பலகையை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். அதில் புரதக் கலவையை வைத்து மின்சாரம் செலுத்தினால், முதலில் மின்னூட்டத்தைப் பொறுத்துப் புரதங்கள் ஒரே வரிசையில் பிரிந்து நிற்கும். அடுத்து, அந்த வரிசைக்குக் குறுக்காக மின்சாரம் செலுத்தினால், சிறிய புரதங்கள் தூரம் ஓடும், பெரியவை பின்தங்கும். சாயம் ஏற்றியதும் ஒவ்வொரு புரதமும் ஒரு புள்ளியாகத் தெரியும். புள்ளி எவ்வளவு அடர்த்தியோ, அந்தப் புரதமும் அவ்வளவு அதிகம்.

அந்தப் புள்ளிகளில் நான்கு கவனத்தை ஈர்த்தன. இரண்டு புள்ளிகள், சினை பிடிக்கும் விகிதம் அதிகமாக இருந்த காளைகளில் அடர்த்தியாக இருந்தன. வேறு இரண்டு புள்ளிகள், விகிதம் குறைந்த காளைகளில் அடர்த்தியாக இருந்தன.

ஆனால் இங்கே நிதானம் தேவை. இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் காணப்படுவதாலேயே ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் ஆகிவிடாது. மழை நாளில் குடைகள் அதிகம் தெரியும். குடைகள் மழையை வரவழைப்பதில்லை. அந்தப் புரதங்கள் நல்ல காளையின் வெறும் அடையாளமா, அல்லது உண்மையில் உதவி செய்கின்றனவா?

1995-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை தேடியது. சுரப்பித் திரவத்தோடு இன்னும் கலக்காத விந்தணுக்களை, வளம் குறைந்த காளைகளின் எபிடிடிமிஸிலிருந்து எடுத்தார்கள். அவற்றை வளம் மிகுந்த காளைகளின் சுரப்பித் திரவத்தில் ஊற வைத்தார்கள். பிறகு ஆய்வுக்கூடத்தில் கருமுட்டைகளோடு சேர்த்தார்கள். அந்த விந்தணுக்கள் முட்டைக்குள் நுழையும் திறன் உயர்ந்தது. விந்தணு மாறவில்லை, அதைச் சூழ்ந்த திரவம் மட்டுமே மாறியது.

அதற்குப் பின் அந்தப் புள்ளிகளின் பெயரும் தெரிய வந்தது. நல்ல காளைகளில் மிகுந்திருந்தவற்றில் ஒன்று ஆஸ்டியோபான்டின். இது எலும்பில் முதலில் அறியப்பட்ட புரதம், பாலிலும் இருக்கிறது. மற்றொன்று புரோஸ்டாகிளாண்டின் டி சிந்தேஸ். இது மூளையைச் சூழ்ந்துள்ள திரவத்தில் ஏராளமாக இருக்கும் புரதம். எலும்பிலும் மூளையிலும் வேலை செய்யும் புரதங்கள் காளையின் விந்திலும் இருந்தன. உடல் ஒரே புரதத்தைப் பல இடங்களில் பல வேலைகளுக்குப் பயன்படுத்தும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

ஆஸ்டியோபான்டினைத் தடுக்கும் எதிர்ப்பொருளை ஆய்வுக்கூடத்தில் சேர்த்தபோது கருவுறும் முட்டைகள் குறைந்தன. ஆகவே இந்தப் புரதம் கருவுறுதலில் உண்மையிலேயே பங்கு கொள்கிறது என்று நம்ப இடம் கிடைத்தது.

உதவியும் தொல்லையும் ஒரே புரதத்தால்

விந்துப் புரதங்களில் மிகவும் வியப்பூட்டுவது பிஎஸ்பி என்ற குடும்பம். காளையின் விந்துப் பாய்மத்தில் உள்ள மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ பாதி இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது. கனடாவின் மொன்ட்ரியால் பல்கலைக்கழகத்தில் மஞ்சுநாத் புட்டசாமி தம் குழுவினரோடு இதைப் பல்லாண்டு காலம் ஆராய்ந்தார்.

விந்து வெளியேறும் கணத்திலேயே பிஎஸ்பி புரதங்கள் விந்தணுவின் மேற்சவ்வில் ஒட்டிக்கொள்கின்றன. சவ்விலிருந்து கொழுப்புப் பொருளான கொலஸ்ட்ராலை மெல்ல மெல்ல நீக்குகின்றன. கொலஸ்ட்ரால் குறைந்தால் சவ்வு இளகும். இளகிய சவ்வு உள்ள விந்தணுதான் முட்டையைக் கருவுறச் செய்யும் நிலைக்கு வர முடியும். பசுவின் உடலுக்குள் இது நல்ல உதவி.

ஆனால் அதே விந்தைப் பல மணி நேரம் குப்பியில் வைத்திருந்தால் என்ன ஆகும்? பிஎஸ்பி புரதங்கள் தம் வேலையை நிறுத்துவதில்லை. கொலஸ்ட்ரால் அளவுக்கு மீறி வெளியேறுகிறது. சவ்வு பலவீனமாகிறது. குளிரில் வைக்கும்போது விந்தணு எளிதில் இறந்துபோகிறது. உள்ளே உதவியாக இருப்பது வெளியே தொல்லையாக மாறுகிறது.

இந்தத் தொல்லைக்கு மருந்து, காரணம் தெரிவதற்கு முன்பே கிடைத்துவிட்டது. 1939-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் பால் பிலிப்ஸ், காளையின் விந்தில் கோழி முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்த்தால் அது நீண்ட நேரம் கெடாமல் இருப்பதைக் காட்டினார். உலகெங்கும் உள்ள விந்து நிலையங்கள் அந்த முறையைப் பின்பற்றின. அது ஏன் பயன் தருகிறது என்பதற்கு ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து மஞ்சுநாத்தின் குழு ஒரு விளக்கம் தந்தது. மஞ்சள் கருவில் உள்ள கொழுப்புப் புரதத் துகள்கள் பிஎஸ்பி புரதங்களைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. அதனால் அவை விந்தணுவின் சவ்வைத் தொடர்ந்து அரிக்க முடிவதில்லை.

எனவே, ஒரு புரதம் மிகுந்திருந்தால் நல்லது என்றோ, குறைந்திருந்தால் கெட்டது என்றோ எளிதில் சொல்லிவிட முடியாது. எவ்வளவு, எப்போது, எங்கே என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

செம்மறிக் கடாவும் லாமாவும்

மற்ற கால்நடைகளிலும் விந்துப் பாய்மம் இப்படிப் பல வேலைகளைச் செய்கிறது. செம்மறிக் கடாவின் விந்தணுக்கள் திடீர்க் குளிரைத் தாங்குவதில்லை, சவ்வு சேதமாகிவிடும். ஸ்பெயினின் சரகோசா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கடாவின் விந்துப் பாய்மத்திலிருந்து எடுத்த புரதங்களைச் சேர்த்தபோது அந்தச் சேதம் ஓரளவு சரியாவதை 2000-ஆம் ஆண்டில் காட்டினார்கள். அவற்றில் ஒன்று, காளையின் பிஎஸ்பி குடும்பத்துக்கு உறவான புரதம். காளையின் விந்தைச் சேமிக்கும்போது தொல்லை தரும் குடும்பம், செம்மறிக் கடாவில் காவலாக நிற்கிறது!

தென் அமெரிக்காவின் லாமாவில் இன்னொரு வியப்பு. பசுவைப் போலன்றி, பெண் லாமா இணை சேர்ந்த பிறகுதான் கருமுட்டையை வெளியிடும். அதற்குத் தூண்டுகோல் ஆணின் விந்துப் பாய்மத்திலேயே இருக்கிறது. அந்தப் புரதம் நரம்பு வளர்ச்சிக் காரணி என்று 2012-இல் அடையாளம் காணப்பட்டது. நரம்பணுக்களை வளர்ப்பதற்காக நாம் முன்பே அறிந்திருந்த அதே புரதம்தான் அது.

ஏன் இன்னும் ஒரு சொட்டுச் சோதனை வரவில்லை?

இவ்வளவு தெரிந்த பிறகும், ஒரு சொட்டு விந்தைத் தாளில் இட்டு, நிறம் மாறுவதைப் பார்த்து, காளையின் வளத்தைச் சொல்லும் எளிய சோதனை விந்து நிலையங்களில் வழக்கத்துக்கு வரவில்லை. அதற்கு மூன்று காரணங்களைச் சொல்லலாம்.

முதலாவது, காளையின் உண்மையான வளத்தை அளப்பதே கடினம். ஒரு நாணயத்தைப் பத்து முறை சுண்டி ஏழு முறை தலை விழுந்தால், அது கள்ள நாணயம் என்று முடிவு செய்வீர்களா? மாட்டீர்கள். அதுபோல, பத்துப் பசுக்களை வைத்துக் காளையை எடைபோட முடியாது. ஒரு காளை 50 விழுக்காடு பலன் தருகிறதா, 45 விழுக்காடு தருகிறதா என்று பிரித்தறிய நூற்றுக்கணக்கான சினை ஊசிகளின் கணக்கு வேண்டும்.

இரண்டாவது, பலன் காளையை மட்டும் சார்ந்ததல்ல. பசுவின் உடல்நிலை, தீவனம், ஊசி போட்ட நேரம், போட்டவரின் கைத்திறன் என எல்லாமே சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கின்றன.

மூன்றாவது, புரதங்களின் அளவு மாறக்கூடியது. ஒரே காளையில்கூட வயதும் பருவநிலையும் அதை மாற்றலாம். ஆகவே ஒரே புரதத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வதைவிட, பல புரதங்களையும் மரபணுத் தகவல்களையும் விந்தணுவின் நீச்சலையும் சேர்த்துப் பார்க்கும் வழியை ஆய்வாளர்கள் நாடுகிறார்கள். ஒரு மாணவரின் திறனை ஒரே பாடத்தின் மதிப்பெண்ணைக் கொண்டு முடிவு செய்யாததுபோலத்தான் இது.

நம் வெப்பத்தில்

மலேசியாவைப் போன்ற வெப்பமண்டல நாடுகளுக்கு இந்த ஆய்வு கூடுதல் முக்கியத்துவம் உடையது. காளையின் விரைகள் உடல் வெப்பநிலையைவிடச் சில பாகை குளிர்ச்சியாக இருந்தால்தான் விந்தணுக்கள் சரியாக உருவாகும். அவை உடலுக்கு வெளியே ஒரு பையில் தொங்குவதன் காரணமும் அதுவே. கடும் வெப்பம் பாதித்தால் அதன் விளைவு உடனே தெரிவதில்லை. விந்தணு உருவாக இரண்டு மாதம் ஆவதால், கெடுதல் சில வாரங்கள் கழித்துத்தான் வெளிப்படும். அப்போது வானிலை மாறியிருக்கும். காரணத்தைத் தேடுபவர் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்.

குளிர் நாட்டு மாடுகள் அதிகம் பால் கறக்கும்; ஆனால் வெப்பத்தில் தவிக்கும். அதனால்தான் இங்கே ஃபிரீசியன் மாட்டையும், வெப்பத்தைத் தாங்கும் பஞ்சாபின் சாஹிவால் மாட்டையும் கலந்து ஓர் இனத்தை உருவாக்கினார்கள். மலேசியா, ஃபிரீசியன், சாஹிவால் ஆகிய மூன்று பெயர்களையும் சேர்த்து அதற்கு மாஃப்ரிவால் என்று பெயர் வந்தது. இத்தகைய இனங்களில் எந்தக் காளையைப் பொலிகாளையாகத் தேர்ந்தெடுப்பது என்பது ஒவ்வொரு தலைமுறையிலும் எழும் கேள்வி. தவறான தேர்வு என்று தெரிவதற்குள் ஓர் ஆண்டு கடந்துவிடும்.

மீண்டும் அந்த ஃபிளெக்ஃபீ காளைகளிடம் வருவோம். அவற்றின் குறைக்குக் காரணமான மரபணுப் பிழை தெரிந்துவிட்டதால், இப்போது மரபணுச் சோதனையிலேயே அதைக் கண்டுபிடித்துவிட முடிகிறது. ஒரு குச்சிகூடத் தயாரிப்பதற்கு முன்பே அப்படிப்பட்ட காளையை விலக்கிவிடலாம். நுண்ணோக்கியில் குறையே தெரியாத விந்தை நம்பி, எங்கோ ஒரு கொட்டகையில் ஒருவர் 21 நாள், மீண்டும் 21 நாள் என்று வீணாகக் காத்திருக்கும் நிலை அங்கே குறைந்திருக்கிறது. விந்துப் பாய்மத்தின் மற்ற புரதங்களையும் இப்படி ஒவ்வொன்றாகப் படித்து முடிக்கும்போது, அந்தக் காத்திருப்பு இன்னும் பல கொட்டகைகளில் குறையும்.